நைட்ரோ பக்கியா, எலெக்ட்ரிக் பக்கியா: கிளப் பந்தயத்தில் எது யாருக்கு ஏற்றது?

கிளப்பில் புதிதாகச் சேர வருபவர்கள், பாதையோரம் அரை நாள் நின்று பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 1/8 அளவு பக்கி, அதாவது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் பந்தயக் கார், வாங்குவதென்று முடிவு செய்தாகிவிட்டது, அதை எரிபொருள் எஞ்சினில் ஓடும் நைட்ரோவாக வாங்குவதா, பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரிக்காக வாங்குவதா? இரண்டையும் பந்தயத்தில் ஓட்டி, இரண்டையும் கழற்றிப் பூட்டிப் பழகியவன் என்ற முறையில், வேகத்தை அளவுகோலாக வைத்து இதற்கு விடை தேட வேண்டாம் என்றே முதலில் சொல்வேன். 4எஸ் லைப்போ (நான்கு செல் கொண்ட லித்தியம் பாலிமர்) பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் பூட்டிய பக்கி, 3.5 சிசி எஞ்சின் பூட்டிய பக்கிக்குச் சளைத்ததல்ல. மோட்டாரின் முறுக்குவிசை தொடக்கத்திலிருந்தே முழுமையாகக் கிடைப்பதால், திருப்பம் முடிந்து வெளியேறும் இடத்தில் எலெக்ட்ரிக் முந்தவும் செய்யும். வண்டி நம்மிடம் கேட்கும் உழைப்பை எந்த நேரத்தில் கேட்கிறது, அதை யாருடன் சேர்ந்து செய்ய வைக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவானவற்றை ஒதுக்கிவிட்டுத் தொடங்கலாம். சேஸிஸ், சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் மூன்று டிஃபரென்ஷியல்கள் (டிஃப்), எண்ணெய் நிரப்பிய ஷாக்குகள், டயர்கள் ஆகியவை இரண்டு வண்டிகளிலும் ஏறக்குறைய ஒன்றே. பல தயாரிப்பாளர்கள் ஒரே வடிவமைப்பை இரண்டு பதிப்புகளாக விற்கிறார்கள். டிஃபில் சிலிக்கான் எண்ணெய் மாற்றுவதும், தேய்ந்த பேரிங்கை எடுத்துவிட்டுப் புதியது போடுவதும், டயரை ரிம்மில் ஒட்டுவதும் எதை வாங்கினாலும் தப்பாத வேலைகள்.

எஞ்சின் கேட்கும் கவனம்

நைட்ரோ எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக்கினுள் இருக்கும் பிளாட்டினக் கம்பிச்சுருளை, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஏறக்குறைய 1.5 வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு, அழுத்தத்தால் எழும் வெப்பமும், மெத்தனால் பிளாட்டினத்தைத் தொடும்போது நிகழும் வினையூக்கமும் சேர்ந்து அந்தச் சுருளைக் கனன்றபடியே வைத்திருக்கின்றன. எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றின் கலவை. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால், உள்ளே வரும் அதே அளவு காற்றைக் கொண்டு கூடுதலான எரிபொருளை எரிக்க முடிகிறது; கூடுதல் சக்தி கிடைப்பது அதனால்தான். பந்தய எரிபொருளில் இது 25 முதல் 30 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், வெடிபொருள் மூலப்பொருள்கள் பற்றிய 2019/1148 ஒழுங்குமுறை 2021இல் நடைமுறைக்கு வந்த பிறகு, பொதுமக்கள் உரிமமின்றி வாங்கக்கூடிய கலவைக்கு 16 விழுக்காடு உச்சவரம்பாக இருக்கிறது.

ஆனால் ஓட்டுபவர் எப்போதும் நினைவில் வைக்க வேண்டியது மூன்றாவது பொருளான எண்ணெயைத்தான். இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பிஸ்டனுக்கும், அது ஏறி இறங்கும் குழாயான லைனருக்கும், பேரிங்குகளுக்கும் வேண்டிய வழுவழுப்பு எரிபொருளோடுதான் வருகிறது. ஆகவே கலவையில் எரிபொருள் குறைந்தால், அதாவது எஞ்சின் லீனாக ஓடினால், வெப்பம் கூடுகிற அதே நேரத்தில் எண்ணெயும் குறைந்துபோகிறது. லீனான எஞ்சின் சிறிது நேரம் மிக அழகாக ஓடும். ஒலி கூர்மையாகும், சுற்று நேரம் குறையும், பிறகு ஏதோ ஒரு நேர்பாதையின் முடிவில் அணைந்துவிடும். புதியவர்கள் எஞ்சினைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களை நல்ல டியூனிங் என்று எண்ணிவிடுவதால்தான்.

காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டரில், அதிக வேகத்தில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் ஹை-ஸ்பீடு நீடில், குறைந்த வேகத்துக்கான லோ-ஸ்பீடு நீடில், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்துக்கான ஐடில் திருகு என மூன்று இடங்களில் கை வைக்கலாம். எங்கள் கிளப்பின் மூத்தவர் ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. என் வண்டி பிட்டில் (பாதையோரம் வண்டியைக் கவனிக்கும் இடத்தில்) மேசைமேல் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரோடு குனிந்த என்னை நிறுத்தி, "முதல்ல டியூபைப் பிடிச்சுப் பாரு தம்பி, அப்புறம் நீடிலைத் தொடு" என்றார். கார்புரேட்டருக்குள் நுழையும் சிலிக்கான் டியூபை இரண்டு விரல்களால் நசுக்கினார். எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு கணம் ஓடி, ஒலி மெல்ல மேலேறி, மூன்று வினாடிக்குள் நின்றது. லோ-ஸ்பீடு கலவை சரியாக இருப்பதற்கு அதுவே அடையாளம். நசுக்கியவுடன் சட்டென்று நின்றால் லீன், ஐந்து வினாடிக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடினால் எரிபொருள் மிகுந்த ரிச். அதன் பிறகு வண்டியை நான்கு சுற்று முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். நேர்பாதையில் எக்ஸாஸ்டிலிருந்து மெல்லிய புகைக்கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே வந்ததும் பிளக்கின் அருகே வெப்பமானியைக் காட்டினார். 112 டிகிரி செல்சியஸ். பொதுவாக 100 முதல் 125 வரை நல்ல எல்லை என்றாலும், அந்த எண்ணோடு புகையையும் ஒலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அந்த அளவு ஒருமுறை கிடைத்துவிட்டால் அப்படியே நிற்பதுமில்லை. வெப்பமான மதியத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து கலவை ரிச்சாகும். அதற்கேற்ப நீடிலை இறுக்கிவிட்டு, மறுவாரம் குளிர்ந்த காலையில் அப்படியே ஸ்டார்ட் செய்தால், அடர்த்தியான காற்றில் அதே அமைப்பு லீனாக ஓடும். எனவே நாளின் முதல் ஓட்டத்துக்கு முன் நீடிலைச் சற்றுத் தளர்த்தி, ரிச் பக்கத்திலிருந்து உள்ளே வருவதே பாதுகாப்பான பழக்கம்.

எலெக்ட்ரிக்கில் இவை எதுவும் இல்லை. பினியனில் (மோட்டாரின் சிறு பற்சக்கரத்தில்) ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா, ஸ்பீடு கண்ட்ரோலரில் பஞ்ச்சும் (கிளம்பும்போது எழும் உந்துதலும்) பிரேக்கும் எவ்வளவு என்பதைத் தீர்மானித்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் மோட்டாரின் வெப்பம் 80 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாதையின் அமைப்பு மாறினால் அமைப்பை மாற்றுவோமே தவிர, வானிலைக்காக மாற்ற வேண்டிய தேவை அரிது. ஓட்டும் திறனையும் சஸ்பென்ஷன் அமைப்பையும் மட்டுமே வளர்த்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இது மிகப் பெரிய வசதி என்பதை நைட்ரோ பிரியனான நானும் மறுக்கவில்லை.

பந்தயம் முடிந்த மாலை

நைட்ரோ வண்டியைத் துடைத்து அப்படியே பெட்டியில் வைத்துவிட முடியாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சம் அமிலத் தன்மை கொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரே வாரத்தில் பின்பக்க பேரிங்கில் துருவை ஏற்றிவிடும். எனவே டேங்கைக் காலி செய்து, எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்து உள்ளே இருக்கும் எரிபொருள் முழுவதும் எரிந்து தீரும்வரை விட்டு, பிளக்கைக் கழற்றிச் சில துளி ஆஃப்டர்-ரன் எண்ணெயை (துருவைத் தடுக்கும் எண்ணெயை) விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிவைக்க வேண்டும். அதோடு, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கிளட்ச் பெல்லின் பேரிங்குகளையும் சுழற்றிப் பார்ப்பது நல்லது. அவை சிறியவை, கடும் வெப்பத்தில் சுழல்பவை, முதலில் உயிரை விடுபவையும் அவையே.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏர் ஃபில்டர். ஒரு பருவத்தின் நடுவே என் எஞ்சின் ஒரே நாளில் வலுவிழந்தது. நீடிலை எப்படித் திருப்பினாலும் ஐடில் நிற்கவில்லை, சூடானதும் அணைந்தது. வீட்டுக்கு வந்து ஃபில்டரைக் கழற்றி, அதன் ரப்பர் கழுத்துக்குள் விரலை விட்டுத் துடைத்தபோது, விரல் நுனியில் மாவு போன்ற தூசி ஒட்டிக்கொண்டு வந்தது. நுரையின் இரண்டு அடுக்குகளை ஒட்டியிருந்த பசை ஓரிடத்தில் அரிசி நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. அந்த வழியே புகுந்த தூசி பிஸ்டனையும் லைனரையும் தேய்த்துவிட்டது. இந்த எஞ்சின்களின் லைனர் மேல்நோக்கிச் சற்றே குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகப் பிடிக்க வேண்டும், அந்தப் பிடிப்பைத்தான் பிஞ்ச் என்கிறோம். என் எஞ்சினில் ஃப்ளைவீல் கட்டைவிரலுக்கே தடையின்றிச் சுழன்றது. பிஸ்டனையும் லைனரையும் சேர்த்து மாற்றி, மீண்டும் பிரேக்-இன் செய்ய (புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்க) வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தய நாளிலும் எண்ணெய் ஊறிய புதிய நுரைகள் இரண்டு மூன்றை டப்பாவில் போட்டுக் கொண்டுபோகிறேன்.

எலெக்ட்ரிக் வண்டிக்குத் தூசியை ஊதிவிட்டு மோட்டார் பேரிங்கைக் கவனித்தால் மாலை வேலை ஏறக்குறைய முடிந்தது. ஆனால் கவனம் முழுவதும் பேட்டரிக்கு இடம் மாறுகிறது. லைப்போவின் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஓட்டாமல் வைக்கும்போது அதை 3.8 வோல்ட் அளவில்தான் வைக்க வேண்டும். மழையால் பந்தயம் தள்ளிப்போன ஒரு வாரம், முழுதாக ஏற்றிய இரண்டு பேக்குகளை அப்படியே வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது ஒன்று வண்டியின் தட்டுக்குள் உட்காராத அளவுக்கு உப்பியிருந்தது. நைட்ரோவில் தவறு செய்தால் ஒலியும் வெப்பமும் உடனே எச்சரிக்கின்றன. பேட்டரியில் செய்த தவறு அலமாரிக்குள் சத்தமில்லாமல் வளர்கிறது.

பந்தய நாளில்

கிளப் சூழலில் இரண்டும் முற்றிலும் வேறு விளையாட்டுகளாகிவிடுவது இங்கேதான். எலெக்ட்ரிக் இறுதிப் போட்டி பொதுவாக 7 முதல் 10 நிமிடம். ஒரே பேட்டரியில் தொடங்கி முடிகிறது, தனியாக வந்து தனியாகவே ஓட்டிவிட்டுப் போகலாம். நைட்ரோ பக்கியின் டேங்க் 125 சிசி. ஓட்டும் விதத்தைப் பொறுத்து 8 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எரிபொருள் நிரப்ப வேண்டும். கிளப் இறுதிப் போட்டிகள் 20, 30 நிமிடம் என்று போகும். உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி ஒரு மணி நேரம். ஓட்டுபவர் மேடையை விட்டு இறங்க முடியாது என்பதால், கீழே பிட்டில் நமக்காக ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

அந்த ஒருவர் நிமிடத்தைக் கணக்கிட்டு நம்மை உள்ளே அழைக்கிறார், வண்டியை ஒரு கையால் பிடித்து மறு கையால் பாட்டிலை டேங்கில் கவிழ்க்கிறார், எஞ்சின் அணைந்துபோனால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பாக்ஸில் வைத்து மீட்டுத் தருகிறார். அடுத்த போட்டியில் நாம் அவருக்காக நிற்கிறோம். ஆறு நிமிடத்தில் உள்ளே வந்து பாதுகாப்பாக ஓடுவதா, ஒன்பது நிமிடம்வரை இழுத்து ஒரு நிறுத்தத்தை மிச்சப்படுத்துவதா என்ற கணக்கும் எலெக்ட்ரிக்கில் இல்லாத ஒரு சுவை. நிறைந்த டேங்குக்கும் வற்றிய டேங்குக்கும் இடையே நூறு கிராமுக்கு மேல் எடை குறைவதால் பின்பகுதியின் பிடிப்பு மாறுவதைக் கைகளே உணரும். மறுபுறம், வண்டி கவிழ்ந்து மார்ஷல் (பாதையில் நிற்கும் உதவியாளர்) வந்து நிமிர்த்துவதற்குள் நைட்ரோ அணைந்துவிட்டால் ஒரு முழுச் சுற்று போய்விடும். எலெக்ட்ரிக்கில் நிமிர்த்தியவுடன் ஓடலாம்.

பாதுகாப்பில் இரண்டுமே கண்டிப்பைக் கேட்கின்றன. மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, தோல் வழியாகவும் உடலுக்குள் புகும், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆகவே சூடான எக்ஸாஸ்டின் அருகே எரிபொருளைச் சிந்துவது சிறு தவறல்ல. லைப்போவைத் தீப்பிடிக்காத பையிலோ பெட்டியிலோ வைத்து, அருகில் இருந்து சார்ஜ் செய்ய வேண்டும். நைட்ரோவில் ஃபெயில்-சேஃப் அமைப்பு கட்டாயம்: சிக்னலோ ரிசீவர் பேட்டரியோ போனால் எஞ்சின் தானாக நிற்காது என்பதால், த்ராட்டிலையும் பிரேக்கையும் இயக்கும் சிறு மோட்டாரான சர்வோ, பிரேக் நிலைக்குப் போகும்படி அமைப்பதோடு, த்ராட்டிலை மூடும் ஒரு ஸ்பிரிங்கையும் மாட்ட வேண்டும். சத்தத்தைப் பொறுத்தவரை ஒப்பீடே இல்லை. குடியிருப்புகளுக்கு அருகில் பாதை அமைந்துள்ள கிளப்புக்கு எலெக்ட்ரிக்தான் வழி.

என் தீர்ப்பு இது. வாரத்தில் ஒரு மாலை நேரத்தை எஞ்சினுக்கு ஒதுக்க முடிந்து, பிட்டில் நிற்க ஆள் கிடைக்கிற, டியூனிங் தெரிந்த மூத்தவர்கள் வந்துபோகிற கிளப்பில் நீங்கள் இருந்தால், தயங்காமல் நைட்ரோவை எடுங்கள். அது தரும் நட்பும் கைத்திறனும் வேறு வழியில் கிடைப்பதில்லை. தனியாக வந்து போகிறவர், நேரம் குறைந்தவர், ஓட்டும் திறனை மட்டும் வளர்க்க நினைப்பவர் எலெக்ட்ரிக்கை எடுக்கட்டும். தனியாக நைட்ரோ வாங்கி, சரியாக ஸ்டார்ட் செய்யக்கூட வழிதெரியாமல் இரண்டு மாதத்தில் விற்றுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் எலெக்ட்ரிக்கில் தொடங்கியிருந்தால் இன்றும் எங்களோடு இருந்திருப்பார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மட்டும் நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நைட்ரோ என்றால், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது பிளக் மாட்டியபடியே ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். உச்சியில் அழுத்தமான தடை தெரிய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிரும்வரை காத்திருங்கள். எலெக்ட்ரிக் என்றால், நல்ல சார்ஜரில் பேட்டரியை மாட்டி ஒவ்வொரு செல்லின் உள் மின்தடையையும் படியுங்கள். நான்கில் ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகக் கூடியிருந்தால், அந்த பேக்கைக் கணக்கில் சேர்க்காமல் வண்டிக்கு மட்டும் விலை பேசுங்கள்.