தொலைவில் இருக்கும் சர்வருக்கு நெட்பிளானா, என்எம்சிஎல்ஐயா?

டேட்டா சென்டரில் இருக்கும் எங்கள் உபுண்டு லினக்ஸ் சர்வர்கள், முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வழியாக ஐபி முகவரி பெற்றுவந்தன. அவற்றுக்கு நிலையான முகவரி கொடுக்க வேண்டியிருந்தபோது, அமைப்பைக் கோப்பில் எழுதும் நெட்பிளான், நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐ ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. நெட்பிளானைத் தேர்ந்தெடுத்தோம்; இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

இஃப்கான்ஃபிக், ஐபி ஆகிய கட்டளைகள் இந்தப் போட்டியில் இல்லை. அவற்றால் கொடுக்கும் முகவரி ரீபூட் ஆனதும் போய்விடும். நடப்பு நிலையைப் பார்க்க ஐபி கட்டளை போதும். இஃப்கான்ஃபிக்கோ, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் 9ஆம் பதிப்பு முதல் புதிய நிறுவலில் இயல்பாக வருவதுகூட இல்லை.

எழுதும் வசதியில் என்எம்சிஎல்ஐ முந்துகிறது. டேப் விசையைத் தட்டினால் அடுத்து வர வேண்டிய சொற்களை அதுவே எடுத்துக் கொடுக்கும். யாமெல் என்ற வடிவில் எழுதும் நெட்பிளான் கோப்பிலோ ஓர் இடைவெளி பிசகினாலும் பிழை வரும்; டேப் போடவே கூடாது. ஆனால் என்எம்சிஎல்ஐயிலும் கவனிக்க வேண்டிய இடம் உண்டு. முகவரியைக் கொடுத்துவிட்டு முறையை மேனுவல் என்று மாற்றாமல் விட்டால், டிஹெச்சிபி முகவரியும் நாம் கொடுத்த முகவரியும் சேர்ந்தே இன்டர்ஃபேஸில் (சர்வரின் நெட்வொர்க் இணைப்பு முனையில்) உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே இருந்துகொண்டு, அந்த இணைப்பைத் தாங்கும் இன்டர்ஃபேஸையே மாற்றும்போது, வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் கேட்வேயின் முகவரியில் ஓர் எண் தவறினால் என்ன ஆகும்? என்எம்சிஎல்ஐயில் மாடிஃபை கட்டளை கொடுத்தவுடனேயே மாற்றம் வட்டில் பதிவாகிவிடும், அப் கட்டளையால் கனெக்ஷனை இயக்கும்போது நடைமுறைக்கு வரும். தவறு நேர்ந்தால் தொடர்பு அறுந்துபோகும். ரீபூட் செய்தாலும் அதே தவறான அமைப்புதான் எழுந்து வரும். இதைத் தவிர்க்க, நினைவகத்தில் மட்டும் மாற்றும் டெம்பரரி விருப்பம் இருக்கிறது. புதிய பதிப்புகளில், உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பும் செக்பாயின்ட் வசதியும் உண்டு. அதை நான் சோதனைக் கணினியில் மட்டுமே பார்த்திருப்பதால், அதை நம்பி இறங்குங்கள் என்று சொல்ல எனக்குப் போதிய அனுபவம் இல்லை.

நெட்பிளானில் இந்தப் பாதுகாப்புக்கு டிரை என்ற ஒரே சொல் போதும். அப்ளை என்பதற்குப் பதிலாக டிரை என்று கொடுத்தால், புதிய அமைப்பு உடனே நடைமுறைக்கு வந்து, திரையில் 120 நொடிகளிலிருந்து கணக்கு இறங்கத் தொடங்கும். அதற்குள் என்டர் தட்டினால் மாற்றம் நிலைக்கும். இணைப்பு அறுந்து தட்ட முடியாமல் போனால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். முகவரியே மாறும்போது பழைய முகவரியில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் எப்படியும் உறைந்துவிடும் என்பதால், நாங்கள் அதை இரண்டு படிகளாகச் செய்தோம். முதலில் டிஹெச்சிபியை அப்படியே விட்டு, 192.168.10.25/24 என்பது போன்ற நிலையான முகவரியைக் கூடுதலாகச் சேர்த்து டிரை கொடுத்து உறுதி செய்தோம். பிறகு அந்தப் புதிய முகவரி வழியாக உள்ளே நுழைந்து, டிஹெச்சிபியை நிறுத்தி மறுபடியும் டிரை கொடுத்தோம். நள்ளிரவில் டேட்டா சென்டருக்குத் தொலைபேசியில் அழைத்துத் திரைமுன் ஆள் நிற்க வைக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது; சர்வரைப் பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ரெட் ஹேட் குடும்ப லினக்ஸ்களில் நெட்வொர்க் மேனேஜரே இயல்பு என்பதால் அங்கே என்எம்சிஎல்ஐதான் வழி. வைஃபை மாறிக்கொண்டே இருக்கும் மடிக்கணினிக்கும் அதுவே பொருத்தம். உபுண்டு சர்வரிலும் டிரை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது: பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாகக் கட்டும் பாண்ட், நெட்வொர்க்குகளை இணைக்கும் பிரிட்ஜ் ஆகியவற்றின் அளவுருக்களை மாற்றினால் அது முழுமையாகப் பின்வாங்க இயலாமல் போகலாம். அத்தகைய சர்வர்களில் கை வைக்கும் முன், நெட்வொர்க்கைச் சாராத கன்சோல் வழி ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.