ஃப்ளாரன்ஸில் எடுத்த கார், ஓர்வியேட்டோவில் விட்ட கார்: டஸ்கனியில் நான்கு நாள்

அக்டோபர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் இத்தாலி போய் வந்தோம். வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நடுவில் டஸ்கனியின் ஒயின் ஊர்கள். மொத்தம் பதினோரு நாளில் கார் வாடகைக்கு எடுத்தது நான்கே நாள். "போனதுதான் போனீங்க, முழுப் பயணத்துக்கும் காரை எடுத்திருக்கலாமே" என்று கோவையில் நண்பர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். கார் திராட்சைத் தோட்டங்களுக்குத்தான், நகரங்களுக்கு ரயில்.

வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி நேரம். இறங்குவதே நடு ஊரில். காரில் போனால் நேரமும் கூடும், போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை எங்கே விடுவது என்ற கவலையும் சேரும். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை இஸட்.டி.எல்., அதாவது வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. அங்கே பழைய நகரப் பகுதிகளுக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாது. தடுப்புக் கட்டை கிடையாது, போலீஸ்காரரும் நிற்க மாட்டார். சிவப்பு வட்டம் போட்ட ஒரு பலகை, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். ஃப்ளாரன்ஸ், சியெனா, பீசா, ரோம் எல்லாவற்றிலும் இது உண்டு.

அதனால் ஃப்ளாரன்ஸ் ஊருக்குள் இருக்கிற வாடகை அலுவலகத்தை விட்டுவிட்டு, பெரேத்தோலா விமான நிலையத்தில் கார் எடுத்தோம். ரயில் நிலையத்திலிருந்து டி2 டிராம் ஏறினால் இருபது நிமிடம்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிய இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், நம் ஊர் லைசென்ஸ், பாஸ்போர்ட், ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு, நான்கையும் கேட்டார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே பதிவு செய்ய வேண்டும். அங்கே கியர் வண்டிதான் சாதாரணம்.

கவுன்டரில் இருந்தவர் நாங்கள் கேட்ட சின்ன வண்டி இல்லை, அதே வாடகைக்குப் பெரிய எஸ்.யூ.வி. தருகிறேன் என்றார். மனைவி கேட்டவுடனே மறுத்துவிட்டார். நாற்பது நிமிடம் காத்திருந்து சின்ன வண்டியையே வாங்கினோம். மறுநாள் ஒரு கிராமத்தில் இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே கண்ணாடிகளை மடித்துக்கொண்டு நுழைந்தபோதுதான் அந்த நாற்பது நிமிடத்தின் அருமை தெரிந்தது. வண்டியைச் சுற்றி வந்து, சக்கர ரிம் உட்பட ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்தேன். திரும்பக் கொடுக்கும்போது பின் பம்பர் கீறலைப் பற்றிப் பேச்சு வந்தது. வீடியோவைக் காட்டியதும் அதோடு முடிந்தது.

இனி நேரக் கணக்கு. ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு டோல் இல்லாத நான்கு வழிச் சாலை இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாங்கள் எடுத்தது எஸ்.ஆர்.222, கியான்டிஜானா என்று பெயர். கிரேவே, பன்சானோ, காஸ்டெல்லினா வழியாக மலை ஏறி இறங்கிப் போகும். சுமார் 70 கிலோமீட்டர், மேப் இரண்டு மணி நேரத்துக்குள் என்று காட்டும். எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. வால்பாறை ரோட்டில் ஓட்டியவர்களுக்கு வளைவுகள் பயமில்லை. ஆனால் வலது பக்கம் ஓட்டிக்கொண்டு, எதிரே வரும் சைக்கிள் கூட்டத்துக்கும் திராட்சை ஏற்றிய டிராக்டருக்கும் ஒதுங்கிக்கொண்டு போக வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திப் பார்க்கத் தோன்றும். மேப் காட்டுகிற நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த மலைப் பகுதியின் ஒயினான கியான்டி கிளாசிக்கோவின் பாட்டில் கழுத்தில் ஒரு கருப்புச் சேவல் இருக்கும். ஃப்ளாரன்ஸும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டையிட்ட காலத்தில், சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கிற இடம் எல்லை என்று பேசிக்கொண்டார்களாம். ஃப்ளாரன்ஸ்காரர்கள் தங்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது விடியுமுன்னே கூவியது. அவர்கள் வீரன் சியெனாவுக்குப் பக்கத்திலேயே, ஃபொன்தேருத்தோலியில், எதிராளியைச் சந்தித்தான். கதைதான். ஆனாலும் அந்த ஊர்ப் பலகையைக் கடக்கும்போது மெய்சிலிர்த்தது.

தோட்டங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும், காலை 10.30க்கு ஒன்று, மதியம் 3.30க்கு ஒன்று. நடுவில் சாப்பாடு. இரண்டரை மணிக்குப் பிறகு பல சமையற்கட்டுகள் மூடிவிடும். முதல் நாள் மூன்று இடம் பதிவு செய்துவிட்டு, மூன்றாவதை வழியில் போன் செய்து ரத்து செய்தோம்.

பன்சானோ பக்கம் ஒரு சின்னத் தோட்டம். கூட்டிப்போன பெண்மணி ஒயினைக் கண்ணில் காட்டுவதற்கு முன் கொடிகளுக்கு நடுவே குனிந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். சாம்பல் நிறம், ஏடு ஏடாக இருந்தது. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இதற்கு கலெஸ்ட்ரோ என்று பெயர், மழைத் தண்ணீரை நிற்க விடாது, அதனால் வேர் ஆழத்துக்குத் தேடிப் போகும் என்றார். கியான்டி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை இருக்க வேண்டும். மொன்டல்சீனோ ஊரின் புருனெல்லோ ஒயினில் நூறு சதவீதமும் அதுதான், அறுவடைக்குப் பின் ஐந்தாவது வருட ஜனவரிக்கு முன் விற்கவும் கூடாது. அங்கே ஆள் உயரத்தை மிஞ்சிய ஓக் பீப்பாய் ஒன்றில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது.

குடித்ததெல்லாம் மனைவிதான். வண்டி ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். நான் அளவு பார்த்துக் குடிக்கவும் விரும்பவில்லை, முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. பிடித்ததை ஒரு பாட்டில் வாங்கி, ராத்திரி தங்கிய பண்ணை வீட்டில் பெக்கோரினோ சீஸோடு திறந்தோம்.

பெட்ரோல் பங்கில் 'கசோலியோ' என்று எழுதியிருப்பது டீசல், பெட்ரோலுக்கு 'பென்சீனா'. நாமே போட்டுக்கொண்டால் விலை குறைவு. நீலக் கோட்டுக்குள் நிறுத்தினால் காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கில்லை. ஏ1 நெடுஞ்சாலை டோலில் மஞ்சள் டெலிபாஸ் (நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி) வரிசைக்குள் போய்விடாதீர்கள்.

மூன்றாம் நாள் சியெனாவுக்குத் தெற்கே மொன்டல்சீனோ, பியென்சா, மொன்டேபுல்சானோ. மூன்றும் அரை மணி நேர இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் ஓர்சியா பள்ளத்தாக்கில் மாலை வெயில் சாயும்போது யாராலும் வேகமாக ஓட்ட முடியாது. நான்காம் நாள் ஒரு மணி நேரம் ஓட்டி ஓர்வியேட்டோவில் காரை விட்டு, ரயிலேறி ரோம். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். ரோமுக்குள் ஓட்டாமல் தப்பித்ததற்கு அது தகும்.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். ஒரு மலை ஊரில் நேவிகேஷன் சொன்னபடி திரும்பி இஸட்.டி.எல். பலகையைத் தாண்டிவிட்டேன். டிசம்பரில் வாடகை நிறுவனம் என் கார்டிலிருந்து 45 யூரோ எடுத்தது. அது அபராதம் இல்லை, என் விலாசத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராத நோட்டீஸ் தனியாகப் பிறகு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதை அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. தப்பு என்னுடையது. ஆனால் சாவி கொடுக்கும்போது இன்சூரன்ஸ் விற்கப் பதினைந்து நிமிடம் பேசியவர், இந்தப் பலகையைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம். அதற்காக அந்த வாடகை நிறுவனத்துக்கு ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு.

அடுத்த முறை போனால் அதே விமான நிலையம், அதே சின்ன வண்டி. மொன்டல்சீனோவில் மட்டும் இரண்டு ராத்திரி கூட.