ஆல்புமினை முந்துமா புதிய சிறுநீர்ச் சோதனைகள்?

நாள்பட்ட சிறுநீரக நோய் வந்தவருக்கு இருக்கும் பெரிய கேள்வி, இது எவ்வளவு சீக்கிரம் முற்றும் என்பதுதான். ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, இன்றைய நிலையைச் சொல்லும். போகப்போகும் வேகத்தை அது மட்டும் சொல்லாது. சிறுநீர்க் குறியீடுகளுக்கு வேலை வருவது இங்கேதான்.

இவற்றில் பழையவர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம்: சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தைக் கிரியேட்டினினோடு ஒப்பிடும் கணக்கு. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 300ஐத் தாண்டினால் கவலை. வயது, பாலினம், இஜிஎஃப்ஆர் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தால், அடுத்த 2 அல்லது 5 ஆண்டுகளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பைக் கணிக்கலாம். மலிவான சோதனைக்கு இது பெரிய சாதனை. குறையும் உண்டு: காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த்தொற்று எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். தவிர, ஆல்புமின் கசியாமலேயே சிறுநீரகம் தேய்கிற சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். ஆல்புமின் முக்கியமாக வடிகட்டியின் ஓட்டையைக் காட்டுகிறது; வடிகட்டிய நீர் ஓடும் சிறுநீரக நுண்குழாய்களைச் சுற்றி விழும் தழும்பை நேராகக் காட்டுவதில்லை.

அந்த நுண்குழாய்களின் காயத்தைப் பிடிக்க வந்தவை என்ஜிஏஎல், கிம்-1 என்ற இரண்டு புரதங்கள். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் என்ஜிஏஎல்லுக்கு நல்ல பெயர். ஆனால் அதை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் சுரப்பதால் தொற்று வந்தால் குழப்பம்தான். 2013இல் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் கிரிக் ஆய்வில் பார்த்தபோது, நோய் முற்றுவதோடு அதற்குத் தொடர்பு இருந்தது. இருந்தும், வழக்கமான அளவீடுகளோடு சேர்த்தபோது கணிப்பு மேம்படவில்லை. கிம்-1 ஆரோக்கியமான சிறுநீரகத்தில் ஏறக்குறைய இருக்காது, அதனால் குறி தெளிவு. நீண்டகாலக் கணிப்பில் அதுவும் ஆல்புமினை ஓரங்கட்டவில்லை.

எனக்குப் பிடித்தது ஈஜிஎஃப் என்ற புரதம் (மேலே சொன்ன இஜிஎஃப்ஆர் வேறு, இது வேறு). மற்றவை காயம் பட்டால் ஏறும். இது நுண்குழாய்கள் அழிய அழிய இறங்கும். அதாவது சேதக் கணக்கு அல்ல, கையிருப்புக் கணக்கு. சிறுநீரகத் திசுத்துணுக்குகளின் மரபணுச் செயல்பாட்டை அலசி, அதில் கிடைத்த குறியைச் சிறுநீரில் அளந்து பார்த்த 2015 ஆய்வில், ஆல்புமினையும் இஜிஎஃப்ஆரையும் தாண்டி இது கூடுதல் தகவல் தந்தது. நுண்குழாய்களில் உருவாகும் யூரோமாடுலின் என்ற புரதமும் இந்த ரகம்தான்.

அப்புறம் சிகேடி273. சிறுநீரில் உள்ள 273 பெப்டைடுகளை, அதாவது புரதத் துணுக்குகளை, சேர்த்துப் படிக்கும் தொகுப்பு. தேவைப்படும் கருவியோ எல்லா ஆய்வகத்திலும் இருப்பதல்ல. ஆல்புமின் இயல்பாக இருந்த டைப் 2 சர்க்கரை நோயாளிகளில், யாருக்கு அது பின்னால் ஏறும் என்பதை ப்ரையாரிட்டி ஆய்வில் நன்றாகவே காட்டியது. ஆபத்து அதிகம் என்று அது பிரித்த சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து கொடுத்தும் அந்த ஏற்றம் தடுபடவில்லை.

மருத்துவருக்கு இந்த இடம்தான் முக்கியம். ஆல்புமின் ஏறினால் ஏசிஇ தடுப்பான், எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்று மருந்து முடிவுகள் இருக்கின்றன. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அதே எண்ணில் பார்க்கலாம். மற்றவற்றின் எண்ணைப் பார்த்துச் சிகிச்சையை மாற்ற இன்னும் வழி தெளிவாகவில்லை. கையில் காசு இருந்தால், புதிய சோதனைக்குப் போகும் முன் காலை முதல் சிறுநீரில் ஆல்புமினை இன்னொரு முறை பார்ப்பதே என் தேர்வு.