ஃபூஜி 63 மி.மீ. லென்ஸ்: ஏற்காட்டுப் படங்களை முன்வைத்து

ஃபூஜிஃபிலிமின் மீடியம் ஃபார்மட் (வழக்கமான கேமராக்களைவிடப் பெரிய சென்சார் கொண்ட) டிஜிட்டல் கேமராவில் உள்ள 43.8 × 32.9 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 55 மி.மீ. என்பதால், முழுச்சட்டகக் கேமராவின் (36 × 24 மி.மீ. சென்சார்) 50 மி.மீ. பார்வைக்கோணத்தைத் தரும் 63 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையே ஸ்டாண்டர்டு லென்ஸாக, அதாவது இயல்பான தோற்றம் தரும் அன்றாட லென்ஸாகப் பரிந்துரைக்கிறேன். (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது.) ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியை எஃப் 5.6-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இலை நரம்புகளும் அவற்றின்மீது நின்ற நீர்த்துளிகளும் அத்தனை தெளிவு! ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கிறது. காற்றில் கொடி ஆடினால் பொறுமை வேண்டும். எஃப் 1.7 கொண்ட 80 மி.மீ. லென்ஸ் பின்னணியை இன்னும் அழகாகக் கரைக்கும் என்றாலும், அதன் எடை 795 கிராம், இதுவோ 405 கிராம். லென்ஸிலும் என் ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கேமராவிலும் அதிர்வுக் கட்டுப்பாடு இல்லாததால், ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தின் இரவு விளக்குகளை எடுக்க முக்காலி அவசியம்.