எயார்ஃபிக்ஸ் 1/72 டைகர் மோத்: நுவரெலியாப் பனியில் ஒட்டுவோருக்கு

பழைய இராணுவப் பயிற்சி விமானங்களில் இரட்டை இறக்கை வகைகளைப் பிரித்தறியப் பழகுபவர்களுக்கு எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தின் இந்த டைகர் மோத் பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டை (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு) தாராளமாகச் சொல்லலாம். டைகர் மோத் ஒரு பிரித்தானியப் பயிற்சி விமானம். வாங்கும்போது 2014இல் வந்த புதிய அச்சா என்று பார்த்து வாங்குங்கள். 1950களின் அச்சில் வந்த பெட்டிகளும் இன்னும் கைமாறுகின்றன. ஒட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 12.4 செ.மீ, நிஜ விமானத்தில் 8.94 மீற்றர்.

மேல் இறக்கையைப் பொருத்தும் இடத்தில்தான் இந்த விமானமே புரியும். முன் இருக்கையில் பயிற்றுநர், பின் இருக்கையில் மாணவர். பழைய மோத் வகைகளில் மேல் இறக்கையும் அதன் தாங்கிகளும் முன் இருக்கையைச் சுற்றி அடைத்து நின்றதால், பாராசூட்டோடு வெளியே குதிப்பது பெரும்பாடு. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். தூக்குவிசையும் கூடவே முன்னே போய்விட, அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சாய்வு மறக்கவே மறக்காது.

சாய்வை மட்டும் நம்பினால் ஜெர்மன் பயிற்சி விமானமான ஜுங்மனோடு குழம்பிவிடும். அதற்கும் சாய்ந்த இறக்கைதான். எய்லரானை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையைப் பாருங்கள். டைகர் மோத்துக்குக் கீழ் இறக்கையில் மட்டும், ஜுங்மனுக்கு நான்கு இறக்கையிலும். அமெரிக்க ஸ்டியர்மனை மூக்கிலேயே கண்டுபிடிக்கலாம்: வட்டமான ரேடியல் எஞ்சின், மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே பக்கத்துக்கு, சரிவுத் தாங்கியும் சேர்ந்த மூன்று ஸ்ட்ரட் (தாங்கு கம்பம்). டைகர் மோத்தில் பக்கத்துக்கு இரண்டு தனி ஸ்ட்ரட் மட்டுமே. அதன் ஜிப்சி மேஜர் எஞ்சினின் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குவதால் புரொப்பெல்லர் மூக்கின் மேற்பகுதியில் நிற்கும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு டைகர் மோத் இருக்கிறது. கொழும்புப் பக்கம் போனால் டைகர் மோத்தின் இந்த அடையாளங்களை நேரில் பார்க்கலாம்.

வால் இறக்கைக்கு முன்னால் வரும் மெல்லிய பட்டை, விமானம் சுழன்று விழும்போது மீள்வதற்கு உதவ இரண்டாம் உலகப் போரின் நடுவில் சேர்த்தது. 1939ஆம் ஆண்டு விமானமாக முடிப்பவர்கள் அதை வைக்கக் கூடாது.

மேல் இறக்கையை ஒட்டுமுன் எல்லாவற்றுக்கும் நிறம் பூசிவிடுங்கள். பிறகு பிரஷ் உள்ளே போகாது. அடிப்பக்க மஞ்சள் சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் அழுக்காகத் தெரியும், வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம். இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கான நூல் பெட்டியில் வராது. இது பெரிய குறைதான், கம்பியில்லாத டைகர் மோத் பாதி விமானம். 0.08 மி.மீ இழுபடும் நூலும் 0.3 மி.மீ துளைக்கருவியும் தனியாக வாங்குங்கள். துளைகளை இறக்கையை ஒட்டுமுன்பே போட வேண்டும், மறுபக்கம் வரக் கூடாது.

மலைநாட்டு ஈரம் சூப்பர் குளூவைச் சட்டென்று இறுக்கும், சுற்றிலும் வெள்ளைப் பூப்பும் விடும். ஊசி முனையில் தொட்ட அளவே போதும். கண்ணாடித் துண்டுகளுக்கு அதைத் தொடவே வேண்டாம். வெள்ளை மரப்பசையால் ஒட்டுங்கள். டிகாலுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்) வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள், இங்குள்ள குழாய்த் தண்ணீரின் குளிரில் அது கழன்று வர நேரம் பிடிக்கும்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை மூடுபனி நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், மஞ்சள் முழுக்க வெண்படலம் பிடிக்கும். பிடித்துவிட்டால் சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கும் நண்பகலில் அதே வார்னிஷை மெல்லிதாக இன்னொரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.