குளுக்கோமீட்டர்: பல வருடம் பாவித்த பிறகு

அம்மாவை இன்சுலினுக்கு மாற்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரத்தத்தில் சீனி அளவைப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இருக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மெஷினில் குறையில்லை. ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் சில வினாடியில் அளவு வந்துவிடும். விரல் நுனியை விட்டு ஓரத்தில் குத்தினால் நோவு குறைவு. குத்தமுதல் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். மாம்பழம் வெட்டிய கையோடு குத்தினால் இல்லாத சீனியையும் காட்டும். அளவு கொஞ்சம் கூடிக் குறைந்தால் பயப்படத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் 200 என்றால், மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டதுதான்.

சிக்கல் ஸ்ட்ரிப்பில், அதாவது இரத்தச் சொட்டை வைக்க ஒவ்வொரு முறையும் புதிதாகச் செருகும் பட்டியில் இருக்கிறது. மெஷின் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதச் செலவு. ஒரு மெஷினுக்குரியது இன்னொன்றுக்குச் சரிவராது. அரசாங்கக் கிளினிக்கில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் ஸ்ட்ரிப்பை நாங்கள் எப்போதும் பாமசியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அம்மா போடுவது காலையும் இரவும் போடும் கலவை இன்சுலின். விடியற்காலை அளவைப் பார்த்துத்தான் இரவு ஊசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று டொக்டர் சொல்வார். காலை ஊசிக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய அளவு வேண்டும். இரண்டையும் தினமும் பார்த்தால் மாதம் 60 ஸ்ட்ரிப். 2022இல் இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு கூலி வேலை செய்யும் குடும்பம் இதை எப்படித் தாங்கும்? மருந்தைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு போடுவது என்று அறியும் வழியைக் காசுள்ளவனுக்கு மட்டும் விடுவது நியாயமே இல்லை. கையில் ஒட்டிச் சீனியைத் தொடர்ந்து அளக்கும் சென்சரின் விலை இன்னும் எட்டாத உயரம். ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம்தான், மாதத்துக்கு இரண்டு வேண்டும்.

அப்புறம் எங்கள் ஊர் வெக்கை. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 பாகைக்குக் கீழே, மூடி இறுக்கி வைக்கச் சொல்வார்கள். திறந்த இன்சுலின் போத்தலும் அந்த வெப்பத்துக்குள் இருந்தால்தான் நாலு வாரம் தாங்கும். கச்சான் என்னும் வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் அது நடக்கிற காரியமா? மூதூரில் இருக்கும் சின்னம்மாவிடம் பிரிட்ஜ் இல்லை. பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை இறக்கி, நடுவில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். இன்சுலின் போத்தல் பொலித்தீன் பையில் சுற்றி உள்சட்டியில் இருக்கும், மேலே ஈரச் சாக்கு. வரண்ட காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும். மாரியில் காற்றில் ஈரம் கூடினால் அவ்வளவு குளிராது.

இன்சுலின் போடுகிறவர்களுக்காவது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, கிளினிக்கில் மருந்தோடு ஸ்ட்ரிப்பும் கொடுக்கவேண்டும். மாவட்டத்துக்கே ஒரே வகை மெஷினை மொத்தமாக எடுத்தால் விலையும் இறங்கும்.

அதுவரை, மெஷின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ரிப் என்ன விலை, உங்கள் பக்கத்துப் பாமசியில் எப்போதும் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். ஸ்ட்ரிப் போத்தலில் காலாவதித் திகதியையும் பாருங்கள். அளவுகளைக் கொப்பியில் திகதியோடு எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அம்மாவின் இரவு ஊசியை டொக்டர் குறைத்தது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.