வரையாட்டுக்கு ஐபெக்ஸ் கொம்பு: ஊட்டிக் கடையில் ஒரு வேட்டைப் படம்

ஊட்டிப் பழம்பொருள் கடை ஒன்றில் சட்டம் போட்டு 3,200 ரூபாய்க்கு மாட்டியிருக்கும், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் இது. குண்டடிபட்ட கிடா பாறை விளிம்பில் முன்னங்கால் மடங்கி நிற்கிறது. கீழே துப்பாக்கியோடு ஒரு துரை. அடியில் ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் வரையாட்டை அப்படித்தான் சொன்னார்கள். வினையே அந்தப் பெயரில்தான்: ஐபெக்ஸ் என்பது வேறொரு மலையாடு. ஆட்டைக் கண்ணால் காணாத செதுக்குநர் பெயரை நம்பி ஐபெக்ஸையே வெட்டிவிட்டார்: முகவாயில் தாடி, நீளக் கொம்பின் முன்பக்கமெல்லாம் புடைத்த கணுக்கள். வரையாட்டுக்குத் தாடி கிடையாது. பெரிய கிடாவின் கொம்பே 40 செ.மீ. அளவில் நின்றுவிடும், அதில் மெல்லிய வளையங்கள் உண்டு, கணுப் புடைப்பு இல்லை. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளுத்திருக்குமே, அதையும் காணோம்.

பாறையும் பனிமூட்டமும் மட்டும் அபாரம். கடையில் ‘உட்கட்’ என்கிறார்கள். அது பலகையின் நீளவாக்கில் வெட்டுவது. இதுவோ பாக்ஸ்வுட் என்ற இழை நெருங்கிய மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் கூர் உளியால் கீறிய நுண்செதுக்கு. அங்கே மரநார் உளியை இழுக்காது, மயிரிழைக் கோடும் பிசிறாது. பாக்ஸ்வுட் பருமன் சிறியது என்பதால் பல துண்டுகளை முடுக்கிச் சேர்ப்பார்கள். வானத்தில் நெட்டாக ஓடும் வெள்ளைக் கோடு அந்த மூட்டுதான், கிழிசல் அல்ல.

அசலா நகலா என்பதற்கு 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். கோடு கெட்டியான கறுப்பாகத் தெரிந்தால் நல்லது. புள்ளிப்புள்ளியாக உடைந்தால் பிற்கால ஆப்செட் நகல். வாரப் பத்திரிகைத் தாள் என்றால் பின்பக்கம் செய்தி அச்சு இருக்கும். பச்சையும் பழுப்பும் ‘அந்தக் காலத்து நிறம்’ என்பதை நம்ப வேண்டாம். கோடு தாண்டிக் கசிந்திருக்கிறது. யாரோ பின்னால் பூசியது. அதற்குத் தனி விலை தரத் தேவையில்லை.

சட்டம் போட்ட விதம்தான் மோசம். கண்ணாடி தாளில் ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் ஹார்டுபோர்டு, நாலு மூலையிலும் செலோடேப். ஊட்டி ஈரத்தில் தாள் விரியும். மூலைகளைப் பிடித்துவைத்தால் நடுவில் உப்பும், கண்ணாடி தொடும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வாங்கினால் பிரித்து, அமிலமில்லாத மவுண்ட் அட்டையில் ஜன்னல் வெட்டிக் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விடுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டினால் போதும். மழை அடிக்கும் வெளிச்சுவர், கணப்புக்கு மேல் இரண்டிலும் மாட்டக்கூடாது. பழுப்புப் புள்ளிகளைப் பிளீச்சிங் பவுடரால் போக்க முயன்றால் தாளே நொறுங்கும்.

3,200 அதிகம். நிறத்தையும் சட்டத்தையும் கழித்துவிட்டு 1,500க்குக் கேளுங்கள், அதுவும் கண்ணாடியைக் கழற்றிப் பின்பக்கம் காட்டினால். பக்கத்தில் ‘ஜோடியாக’ நிஜக் கொம்பு காட்டினால் தொடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் படத்தை விடும், கொம்பை விடாது.